நாலு கோடும் நிறைந்த வீடு

வேல்ராஜ் தெருவில் நடக்கும்போது மனிதர்களைப் பார்க்க மாட்டான். சுவரைப் பார்ப்பான், தகரத்தைப் பார்ப்பான், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பான். எதிரே வருகிறவர் மாமனாராகவே இருந்தாலும் இடித்துக்கொண்டு போய், பத்தடி தள்ளி நின்று, "மைனஸ் நூத்தி ரெண்டு" என்று முணுமுணுப்பான். திமிர் பிடித்தவன் என்று நினைத்தவர்கள் உண்டு. திமிரெல்லாம் இல்லை, தொழில் அப்படி.

செல்போன் கம்பெனிக்காக ஒப்பந்தத்தில் வேலை எடுத்துச் செய்யும் அலுவலகம் ஒன்று மும்பைச் செம்பூரில் இருக்கிறது. அதில் வேல்ராஜ் நடந்து பார்க்கிற ஆள். முதுகில் ஒரு பை, மார்பில் கட்டிய பலகையில் நாலு போன். அந்தப் போன்கள் தாமாகவே கூப்பிடும், தாமாகவே வைக்கும், அடிக்கு அடி டவரின் பலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளும். கார் போகிற சாலைகளுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். கார் நுழையாத இடமெல்லாம் வேல்ராஜுக்கு. ஆக, தாராவி முழுக்க அவன் தலையில் விழுந்தது.

விழுந்ததில் அவனுக்கு வருத்தமில்லை. பிறந்ததே அங்கேதான். அப்பா பிரம்மநாயகம் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் முதுகொடிந்தவர். மகன் ஏழாவது வரை தமிழ்ப் பள்ளி, அப்புறம் இந்தி, அப்புறம் ரீசார்ஜ் கடை, அப்புறம் டவர் ஏறிக் கேபிள் இழுக்கிற வேலை. பாண்டுப்பில் மாரிசெல்வியைப் பெண் பார்த்தபோது அவள் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை டவரை விட்டு இறங்க வேண்டும் என்பது. இறங்கினான். இறங்கியவன் நடக்க ஆரம்பித்தான். ஒன்பது வருடமாக நடக்கிறான்.

சிக்னல் என்பதை அவன் விளக்கினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மைனஸ் எழுபது என்றால் ராஜபோகம், படம் நிற்காமல் ஓடும். மைனஸ் நூறுக்குப் போனால் டவர் நம்மோடு நிதானமாகத்தான் பேச முடியும், சந்தைக்கடை இரைச்சலில் ஒவ்வொரு வார்த்தையாக உடைத்துச் சொல்வதுபோல. அதனால்தான் வேகம் குறைகிறது, படம் சுற்றிச் சுற்றி நிற்கிறது. நூற்றிப் பதினைந்தில் போன் தன் தொண்டை கிழியக் கத்தும். பேட்டரி சூடேறி இறங்கும். இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வான். போனில் தெரிகிற கோடுகள் டவர் பேசுவது நமக்குக் கேட்கிறதா என்பதைத்தான் காட்டும். நாம் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை எந்தக் கோடும் காட்டாது.

இவ்வளவு தெரிந்தவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு ஆறாத கோபம்.

அவன் வீடு ஒரு மாளா, அதாவது தரைவீட்டின் தலையில் தகரம் போட்டு எழுப்பிய அறை. கீழே பிளாஸ்டிக் வியாபாரி ஒருவரின் கிடங்கு, பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். மேலே ஏறச் சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அபுதாஹிர் பாயின் பை தைக்கிற பட்டறை, நாலு மாடி. பதினெட்டு மெஷின் காலையிலிருந்து ஓடும். பாயின் மனைவி சஃப்ரீனும் மாரிசெல்வியும் ஒன்றாகத் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மாரிசெல்விக்கு நாலாம் மாதம். மதியம் வயிற்றில் ஏதோ சரியில்லை என்று வேல்ராஜைக் கூப்பிடப் பார்த்தாள். மாளாவுக்குள் ஒரு கோடுகூட இல்லை. சந்தில் நின்றால் கிடைக்கும் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஏணியில் இறங்கினாள். ஐந்தாவது படியில் கால் வழுக்கியது. கை எலும்பு ஒட்டிக்கொண்டது. பிள்ளை நிற்கவில்லை.

அன்றிலிருந்து வேல்ராஜ் அந்த ஐந்தாவது படியை மிதிக்காமல் தாண்டித்தான் ஏறுவான். போதாக்குறைக்கு ஊர் வாய் வேறு. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், "ஊருக்கெல்லாம் சிக்னல் அளக்கான், சொந்த வீட்டுல ஒரு கோடு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை அவனுக்குள் முள்ளாகத் தைத்து நின்றது.

போன மழைக்குப் பிறகு கம்பெனி அந்த டவரில் பழைய, மெதுவான அலைவரிசை ஒன்றைச் சேர்த்தது. வேகம் இருக்காது, ஆனால் சுவரைத் துளைக்கும். வேல்ராஜ் தன் வீட்டில் அளந்து பார்த்தான். ஜன்னல் ஓரத்தில் ஒரே ஒரு கோடு. பேசினால் குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் போனது. மாரிசெல்வி, "இது போதும்லா?" என்றாள். அவனுக்குப் போதவில்லை. அதற்குள் அவளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருந்தது. ஒற்றைக் கோட்டை நம்பி அவளை விட்டுவிட்டுப் போக அவனால் முடியாது. அதோடு, சிக்னல்காரன் வீட்டில் ஒற்றைக் கோடா என்ற ரோஷமும் இருந்தது. அதை அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஒரு பெட்டி வாங்கி வந்தான். சிக்னலை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி. வெளியே ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா, நடுவில் பெட்டி. அனுமதியில்லாமல் வைப்பது குற்றம். அந்த வருடம் மட்டும் பதினோரு பெட்டியைக் கையும் களவுமாகப் பிடித்து எழுதிக் கொடுத்தவன் வேல்ராஜ். பன்னிரண்டாவதைத் தன் வீட்டில் மாட்டினான்.

ஆனால் அரைகுறையாக மாட்டவில்லை. இந்தப் பெட்டியில் ஒரே ஆபத்து, இரண்டு ஆன்டெனாவும் நெருங்கிவிடக் கூடாது. கோவில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் மைக்கை ஒலிபெருக்கிக் குழாய்க்கு முன்னால் கொண்டுபோனால் 'ஙொய்' என்று ஒரு சத்தம் காதைப் பிளக்குமே, அதேதான். உள்ளே விட்ட சத்தம் வெளியே பிடிபட்டு, மறுபடி பெருகி, பெட்டி ஊளையிட ஆரம்பிக்கும். மனிதக் காதுக்குக் கேட்காது. டவருக்குக் கேட்கும். அந்த ஊளையில் சுற்றியுள்ள ஒரு போனின் குரலும் டவர் காதில் விழாது. ஆகவே வெளி ஆன்டெனாவை அபுதாஹிர் பாயிடம் கேட்டு, அவருடைய நாலாம் மாடித் தகரத்தின் கோடியில் கம்பு நட்டுக் கட்டினான். இரண்டுக்கும் நடுவே ஐம்பது அடி. மூன்று நாள் அளந்தான். சுத்தம்.

வீட்டுக்குள் நாலு கோடும் நிறைந்து நின்றன. மாரிசெல்வி பாண்டுப்பிலிருக்கும் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசினாள். வேல்ராஜ் அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னான்.

"ஏட்டி, இனிமே நீ அந்த ஏணியைத் தொடப்படாது. என்னன்னாலும் எனக்குப் போன் அடி. நாலு கோடு இருந்தா எங்கன கெடந்தாலும் வந்துருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

டாக்டர் ரத்த அழுத்தம் கூடுதல் என்று எழுதினார். ஆனாலும் ஏழு மாதம் நல்லபடியாகப் போயிற்று.

ஜூன் முதல் வாரத்தில் தாராவி நீலமாக மாறும். மழைக்கு முன்னால் எல்லாக் கூரையிலும் தாட்பத்ரி என்கிற நீலத் தார்ப்பாயை விரித்து, கயிறு கட்டி, பழைய டயரும் கல்லும் தூக்கி வைப்பார்கள். அதற்கென்றே ஆட்கள் உண்டு. கூரையில் இருக்கிற டிஷ், கம்பி, கம்பு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு விரித்துக்கொண்டே போவார்கள். அபுதாஹிர் பாயின் நாலாம் மாடிக்கு வந்த ஆட்கள் நல்லவர்கள். வேல்ராஜின் ஆன்டெனாவைக் கழற்றித் தூர எறியவில்லை. உடையவருடைய பொருள் உடையவரிடமே இருக்கட்டும் என்று கீழே கொண்டுவந்து, அவனுடைய மாளாத் தகரத்தின் மேலேயே, தாட்பத்ரிக்கு அடியில் பத்திரமாகக் கட்டிவிட்டுப் போனார்கள். உள் ஆன்டெனா அதற்கு நேர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் துருவேறி ஓட்டை விழுந்த ஒரு தகரம்.

மாரிசெல்வி சாப்பாடு வைக்கும்போது சொன்னாள். "தாட்பத்ரிக்காரங்க வந்தாங்க. உங்க கம்பை நம்ம கூரையிலயே கட்டிட்டாங்களாம், சஃப்ரீன் சொல்லிச்சு."

போனில் நெருள் வேலையின் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த வேல்ராஜ், "ம்" என்றான். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் மேலாளர் பஞ்சாபகேசன் கூப்பிட்டார். மாட்டுங்காக்காரர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"வேல்ராஜ், உங்க பேட்டை டவரைப் பாரு. மூணாவது முகத்துல நேத்திலேர்ந்து இரைச்சல் ஏறிண்டே போறது. யாரோ பெட்டி வச்சிருக்கான். கண்டுபிடிச்சு அணை."

ஒரு டவர் மூன்று திசைக்கு மூன்று முகம் காட்டும்; ஒவ்வொரு முகமும் ஒரு பக்கத்துச் சந்துகளைப் பார்த்துக்கொள்ளும். வேல்ராஜ் கையால் திருப்புகிற ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதை எந்தப் பக்கம் நீட்டினால் மீட்டரின் முள் ஏறுகிறதோ அந்தப் பக்கம் பெட்டி. முள் ஏறியது. இரண்டு சந்து போனான், இன்னும் ஏறியது. வலப்பக்கம் திரும்பினான். அபுதாஹிர் பாயின் பட்டறைப் பலகை தெரிந்தது. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது.

அது அவன் வீட்டுச் சந்து. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும், சந்தின் மறுகோடிக்குப் போய் இன்னொரு தரம் அளந்தான். தன்னை ஏமாற்றிக்கொள்வதற்கும் ஒரு முறை வேண்டுமே. ஏணியில் ஏறி, தாட்பத்ரியைத் தூக்கிப் பார்த்தான். கம்பு படுத்துக் கிடந்தது.

அன்று வானம் கறுத்திருந்தது. பட்டறை வாசலில் நின்ற பாயிடம் கேட்டான். "பாய், என் கம்பைத் திரும்ப மேல நடணும். ஆளை வரச்சொல்ல முடியுமா?"

"இனிமே எப்படி வேல்ராஜ்? கயிறெல்லாம் இறுக்கியாச்சு. அவுத்தா என் துணியெல்லாம் நாசம். ரெண்டு நாள்ல வானம் வெறிக்கட்டும், நானே ஆள் வுடுதேன்." சொல்லிவிட்டுப் பாய் தன் போனைத் தட்டினார். "இந்த நெட்வொர்க்கைக் கொஞ்சம் பாரேன்ப்பா. கோடு ஃபுல்லா இருக்கு, கால் போவ மாட்டேங்குது. காலையிலேர்ந்து ஒரு பார்ட்டியைப் பிடிக்க முடியல. நீதானே சிக்னல்காரன்?"

"பாக்கேன் பாய்" என்றான் வேல்ராஜ். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே போய்ப் பெட்டியை அணைத்தான். நாலு கோடு ஒன்றானது. ஜன்னலோரத்து ஒற்றைக் கோடு. மாரிசெல்வி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்; பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏன் அணைச்சுட்டீங்க?" என்றாள். குரலில் பயம் இருந்தது. "நாளைக்கு நெருளுக்குப் போவணும்னீங்கள்லா? நாள் முழுக்க நான் என்ன செய்ய?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் நேரான பதில் ஒன்று இருந்தது. ஒற்றைக் கோடு போதும், ஜன்னலோரம் போய் அடி, பெட்டி கெட்டுப்போயிற்று, கோடு எத்தனை காட்டினாலும் நம்பாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பலத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தான். மறுபடி போட்டான். சந்தில் இறங்கி அளந்தான். ஊளை நின்றிருந்தது. வீட்டில் கோடு நாலுதான். ஆகா, தப்பித்தோம் என்று அவனுக்குத் தோன்றியது. மழை படாத தகரத்தில் அளந்தோம், நனைந்தால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. தோன்றியிருக்கும்; தள்ளிவிட்டிருப்பான்.

அன்றைய அறிக்கையில், 'இரைச்சல் தற்போது இல்லை. மூலம் கண்டறியப்படவில்லை' என்று எழுதி அனுப்பினான். ஒன்பது வருடத்தில் அவன் எழுதிய முதல் பொய் அது.

மறுநாள் நவி மும்பையில் நெருள் என்ற இடத்தில் புதிய கட்டடத் தொகுதி ஒன்றைச் சுற்றி நடக்கும் வேலை. காலை பத்து மணிக்கு மழை பிடித்தது. பன்னிரண்டுக்குள் வானமே உடைந்து ஊற்றுவதுபோல ஊற்றியது. பதினொன்றரைக்கு மாரிசெல்வியோடு பேசினான். "தலை கொஞ்சம் கனமா இருக்கு, வேறொண்ணுமில்ல" என்றாள். "கோடு?" என்று கேட்டான். "நாலும் இருக்கு" என்று சிரித்தாள்.

இரண்டு மணிக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒதுங்கி, அலுவலகக் குழுவில் வந்த படத்தைத் திறந்தான். மணிக்கொரு தரம் எல்லா டவரின் நிலவரமும் வரும். தாராவியில் மூணாவது முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. பன்னிரண்டரையிலிருந்தே சிவப்பு. நேற்றைவிட மோசம்.

மாரிசெல்வியைக் கூப்பிட்டான். மராத்தியில் ஒரு பெண், நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றாள். மறுபடி கூப்பிட்டான். இந்தியில் சொன்னாள். அபுதாஹிர் பாயைக் கூப்பிட்டான். சஃப்ரீனைக் கூப்பிட்டான். சந்து முனை டீக்கடையைக் கூப்பிட்டான். எல்லாரும் எல்லைக்கு வெளியே. தன் சந்தில் ஒரு உயிரையும் எட்ட முடியவில்லை. நனைந்த தகரமும் நனைந்த தாட்பத்ரியும் சேர்ந்து பெட்டியின் சத்தத்தைப் பெட்டிக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் நாலு கோடும் நிறைந்திருக்கும். அதை நினைத்ததும்தான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது.

ஒரே வழி இருந்தது. பெட்டி ஊளையிடுவது வேகமான அலைவரிசையில் மட்டும். டவரில் அதை அணைத்துவிட்டால் போன்கள் வேறு வழியில்லாமல் பழைய அலைவரிசைக்குத் தாவும். கோடு ஒன்றுதான் காட்டும், ஆனால் போகும். அணைக்கக் கூடியவர் பஞ்சாபகேசன்.

"சார், தாராவி மூணாவது முகத்துல வேகமானதை அணைச்சுடுங்க. ஒரு மணி நேரம். டெஸ்ட்டுக்கு வேணும்."

"என்ன டெஸ்ட்? நீ நெருள்லன்னா இருக்கே?" என்றார் அவர். "மழை நாள் வேறே. நாலாயிரம் போன் அதுல தொங்கிண்டிருக்கு. மேலேர்ந்து கேப்பா. மெயில் போடு, பாக்கறேன்."

வேல்ராஜ் மெயில் எழுத ஆரம்பித்தான். காரணம் என்ற இடத்தில் ஏதேதோ எழுதினான், அழித்தான், எழுதினான். அதில் பதினைந்து நிமிடம் போனது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், கேஸும் வரும். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வேலையில்லாதவனாக நிற்க வேண்டும். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். மெயிலை அப்படியே விட்டுவிட்டுப் பஞ்சாபகேசனை மறுபடி கூப்பிட்டான்.

"சார், பெட்டி எங்கிட்டதான் இருக்கு. எங்க வீட்ல. நான்தான் வச்சேன். என் பொண்டாட்டி உள்ள தனியா இருக்கா சார், எட்டாம் மாசம். அணைங்க சார், கெஞ்சிக் கேக்கேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பஞ்சாபகேசன், "லைன்லயே இரு" என்றார். விசைப்பலகை தட்டுகிற ஓசை கேட்டது. "அணைச்சாச்சு. போ, முதல்ல அவளைக் கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் அவன் போன் அடித்தது. மாரிசெல்வி.

"போன் போயிடுச்சா?" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை, வெகு தூரத்திலிருந்து வந்தது. "ஏங்க, போயிடுச்சா?"

"வந்துடுச்சு செல்வி, சொல்லு, சொல்லு."

"பன்னெண்டே முக்காலுக்கு வலி வந்துச்சு. ரத்தம் போவுது. கண்ணு சரியாத் தெரியல. நான் அடிச்சிட்டே இருக்கேன்ங்க. நாலு கோடும் இருந்துச்சு. இப்பம் போவும், இப்பம் போவும்னு அடிச்சிட்டே இருந்தேன்."

"சுவத்தைத் தட்டு, சஃப்ரீன் வரும்."

"தட்டினேன். மெஷின் சத்தம், மழைச் சத்தம். யாருக்கும் கேக்கல." மூச்சு வாங்கினாள். "நீங்க இறங்கப்படாதுன்னீங்கள்லா. அதான் இறங்கல."

அவன் அபுதாஹிர் பாயைக் கூப்பிட்டான். ஒற்றைக் கோட்டில் மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே பாய் எடுத்துவிட்டார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்பது போனிலேயே கேட்டது. சஃப்ரீனும் பட்டறை ஆட்களுமாக அவளை ஒரு நாற்காலியில் வைத்துக் கயிறு கட்டி ஏணி வழியாக இறக்கினார்கள். முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டே மெயின் ரோடு வரை போய் ஆட்டோ பிடித்தார்கள்.

நெருளிலிருந்து ஏறிய ரயில் குர்லாவுக்கு முன்னால் தண்ணீரில் நின்றுவிட்டது. வேல்ராஜ் குதித்துத் தண்டவாளத்தின் மேலேயே நடந்தான். மார்பில் கட்டிய பலகையை அவிழ்க்க மறந்திருந்தான். நாலு போனும் தங்கள் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டும் வைத்துக்கொண்டும் வந்தன. அந்த மூன்று கிலோமீட்டரில் அவன் வேண்டாத சாமி இல்லை. ஆஸ்பத்திரிப் படியில் சஃப்ரீன் நனைந்த துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, முகத்தை மூடிக்கொண்டாள்.

"செல்வி இருக்கா அண்ணே" என்றாள். "செல்வி இருக்கா." இன்னொன்றை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பெண் பிள்ளை. இரண்டரைக் கிலோ.

இரண்டாம் நாள் சாயங்காலம் அபுதாஹிர் பாய் சந்துக்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது.

"இதை இப்படியே வுடக் கூடாது வேல்ராஜ்" என்றார் பாய். "ரெண்டு நாளா ஒருத்தன் போனும் போவல. கோடு மட்டும் ஃபுல்லு. பச்சைப் பிள்ளையைக் கொன்னுட்டான் கம்பெனிக்காரன். நாளைக்கு எல்லாருமா அந்த ஆபீஸ் வாசல்ல போய் உக்காரப் போறோம். நீ முன்னால நில்லு. உனக்குத்தான் அந்த வெவரமெல்லாம் தெரியும்."

வேல்ராஜ் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். அழுதான். அவர்களும் அழுதார்கள். அவன் எதற்கு அழுகிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. "செல்விகிட்ட முதல்ல பேசிட்டு வாரேன் பாய். அப்புறம் உங்ககிட்டயும் சொல்லுதேன்" என்றான்.

பஞ்சாபகேசன் காலையில் ஒரு தரம் கூப்பிட்டிருந்தார். அறிக்கையில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். உள்ளதை எழுதுங்கள் என்று வேல்ராஜ் சொல்லியிருந்தான். அது பெரிய விஷயமாக அவனுக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டிய ஆள் உள்ளே படுத்திருந்தாள்.

பெண்கள் வார்டில் ஆறாவது கட்டில். மாரிசெல்வியின் முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. அவன் உட்கார்ந்ததும் அவள்தான் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவனைத் தேற்றுகிறாளாம்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள். "நீங்க எல்லாம் செஞ்சுதான் வச்சீங்க. டவர்ல கோளாறு, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

வேல்ராஜுக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. இதை இப்படியே விட்டுவிட்டால், அவள் ஆயுசுக்கும் இதையே நம்புவாள். ஊரும் நம்பும். அவன் ஒருவன் மட்டும் சுமந்துகொண்டு போய்விடலாம். கொஞ்ச நேரம் அந்த எண்ணத்திலேயே இருந்தான். பிறகு சொன்னான். தாட்பத்ரிக்காரர்கள் கம்பைக் கட்டியது, முள் வாசலில் வந்து முட்டியது, பலத்தைக் குறைத்துவிட்டு அவளிடம் சொல்லாமல் போனது, நெருளில் மெயில் எழுதி அழித்துக்கொண்டிருந்த பதினைந்து நிமிடம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் தாய் தட்டிக்கொடுத்தாள்.

அவன் முடித்ததும் மாரிசெல்வி மற்றக் கை விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பம்," என்றாள் மெதுவாக, "நீங்க அந்தப் பெட்டியை வைக்காம, ஜன்னலோரத்து ஒத்தக் கோட்டோட விட்டிருந்தா, பன்னெண்டே முக்காலுக்கு நான் அடிச்ச முதல் போனே உங்களுக்கு வந்திருக்கும்?"

அவன் தலை குனிந்திருந்தான். "வந்திருக்கும்" என்றான்.

மாரிசெல்வி தன் மடியிலிருந்து அவன் கையை எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.